பாவாடை அளவு நோட்டில் ஒரு பொய்

என் மகளே,

உன் ஆறு சேலைகளுக்கும் இடுப்பில் செருகும் பக்கம் நான்கு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைத்து முடித்துவிட்டேன். கடைச் சேலை எல்லாம் உன்னைவிட ஒரு சாண் உயர்ந்தவளை மனதில் வைத்து நெய்தவை. இனி விடியற்காலையில் கொசுவத்தை இடுப்பில் திணித்துத் திணித்து நீ அவதிப்பட வேண்டாம். திங்கட்கிழமை எரியோடு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மாவாகப் போய் நிற்கும்போது கரை அதன் இடத்தில் நிற்கும். கடைசிச் சேலையை மடித்து வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்தேன். உன் அப்பா புகையிலைக் கிட்டங்கி வேலை முடிந்து வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நீ சிநேகிதிகளிடம் சொல்லிக்கொள்ளப் போயிருக்கிறாய். வீட்டில் தையல் மிஷினும் நானும்தான்.

இந்தக் கடிதம் உனக்கு மட்டும் அல்ல என்பது உனக்குத் தெரியும். "எழுதி நம்ம பங்குக் கோயில் தாளுக்குக் குடும்மா. பேரு மட்டும் போடாத, மத்த அம்புட்டையும் போடு. இன்னொரு ஆத்தா படிக்கட்டும்" என்று போன வாரம் சொன்னவள் நீதான். "அம்புட்டையுமா?" என்று கேட்டேன். "குச்சுல கெடந்ததையும்தான்" என்று சிரித்தாய். ஆகையால் இதைக் கையில் எடுக்கும் தாய்மாருக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பள்ளிக்கூடம் போனவள் அல்ல. ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுதக் கற்றவள். வைத்தியம் பற்றி இதில் இருப்பது ஒரு டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொன்னது. மற்றதெல்லாம் நான் செய்தது.

நீ பிறந்தபோது உன் பாதங்களும் புறங்கைகளும் வீங்கி, தொட்டால் குழி விழுந்தன. பிரசவம் பார்த்தவர், "தண்ணி கோத்த பிள்ளைத்தா, வத்திரும்" என்றார். சொன்னபடி வற்றிவிட்டது. கழுத்தின் இரண்டு பக்கமும் தோல் சற்று அகலமாகத் தோள்வரை இறங்கியிருந்தது. பின்கழுத்தில் முடி தாழ வளர்ந்திருந்தது. எனக்கு அது நல்ல கூந்தலின் அறிகுறி. மழைக்காலம் வந்தால் உன் காதில் சீழ் வரும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவேன். இவற்றை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கத் தெரியவில்லை. படிப்பில் நீ சூட்டிகை. வழி மட்டும் உனக்குப் பிடிபடாது. நம் திண்டுக்கல் கோயிலுக்கு வெளியே நின்று, "நம்ம வீடு மலைக்கோட்டைக்கு இந்தப் பக்கமாம்மா, அந்தப் பக்கமா?" என்று பத்து வயதிலும் கேட்பாய். இதுவும் இந்த உடம்புச் சங்கதிகளோடு சேர்ந்து வரலாம் என்று பின்னால் டாக்டரம்மா சொன்னார். அதற்குள் உன்னை எத்தனை முறை "கவனமில்லாதவள்" என்று திட்டியிருப்பேன்!

வருஷத்துக்கு இரண்டு உருப்படி உனக்குத் தைப்பேன், கிறிஸ்து பிறப்புக்கு ஒன்று, ஈஸ்டர் பாஸ்காவுக்கு ஒன்று. தைக்கும் முன் பாவாடை உயரம், இடுப்பு, தோள் எல்லாவற்றையும் அளந்து நோட்டில் எழுதுவேன். உன் மூன்றாவது வயதில் தொடங்கிய நோட்டு அது. அதில் தப்பாக ஒரு வரி எழுதியதில்லை என்பதில் எனக்குக் கர்வம்கூட இருந்தது. உன் பத்து வயதுக்கு மேல் பாவாடை உயரம் ஏறவே மாட்டேன் என்றது. அரை அங்குலம், கால் அங்குலம். அப்போதுதான் கடைகளில் கஜம் போய் மீட்டர் வந்தது. நானும் ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் போட்ட புது டேப் வாங்கினேன். உன் பன்னிரண்டாம் வயதுப் பாஸ்காவுக்கு அளந்தபோது முப்பத்தொன்றரை என்றிருந்தது. முந்தின வருஷமும் அதேதான். டேப்பைத் திருப்பினேன். எண்பது! அதையே நோட்டில் எழுதினேன். எண்பது என்று பார்க்க மனதுக்கு இதமாக இருந்தது. அது பொய் இல்லைதான். ஆனால் என் பொய் அங்கேதான் முளைவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று வயது ஓடியது. உன் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வயதுக்கு வந்தார்கள். தாவணி போட்ட கூட்டத்தில் நீ மட்டும் பாவாடை சட்டையோடு நடுவில் நடந்து வருவாய். குழாயடியில் ஒருத்தி, "ஒம் மக என்னத்தா, இன்னமும் எட்டு வயசுல மொதல் நன்மை வாங்கப் போற பிள்ளை மாதிரியே இருக்கா?" என்பாள். இன்னொருத்தி சிரிக்காமலே, "மருந்து கிருந்து பாத்தியா?" என்பாள். ஒரு நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் விழுந்தது. இருசி. வயதுக்கே வராத பெண்ணை ஊர் கூப்பிடும் சொல். குடம் ததும்பி என் சேலை நனைந்ததுதான் மிச்சம், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வாரமே கன்னிவாடியிலிருந்து உன் மாமாவும் அத்தையும் வந்தார்கள். உன் அத்தை, அதாவது என் மதினி, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே கேட்டாள்: "பிள்ளைக்குப் பதினாறு முடிஞ்சிருச்சு. தாய்மாமன் குச்சு கட்ட ஓலை வெட்டுறதா, வேணாமா? எங்க ஊர்ல கேக்குறாக, என்ன சொல்ல?" நான் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விட்டேன். ஆனால் பத்து நாள் கழித்து அவர்களுக்குச் சொல்லியனுப்பினேன், நீ பெரியவளாகிவிட்டாய் என்று.

எவ்வளவு சுலபமாக இருந்தது, மகளே! இந்த விஷயத்தில் தாய் சொன்னால் போதும், வேறு சாட்சியை யாரும் கேட்பதில்லை. உன் அப்பாவிடமும் அதையேதான் சொன்னேன். உன்னிடம் மட்டும் அடுப்படியில் வைத்து, "செத்த நாளைக்குத்தான். எல்லாம் தானா வந்துரும். அதுக்குள்ள ஊர் வாயை மூடிருவோம்" என்றேன். நீ என்னை வெறுமனே பார்த்தாய். மறுநாள் உன் மாமா பச்சைத் தென்னங்கீற்றோடு வந்து, கொல்லையில் தன் கையாலேயே குச்சு கட்டினார். பதினாறு நாள் அந்தக் குடிசைக்குள் உட்கார்ந்திருந்தாய். தினமும் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து வைப்பேன். ஒரு நாள் ஓலைக்குள்ளிருந்து கேட்டாய்: "அம்மா, நான் எத்தனை நாளைக்கு வயசுக்கு வந்தவளா இருக்கணும்?" நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். அது தெரிந்துதானோ என்னவோ, உடனே, "களி நல்லாருக்கும்மா. இதுக்காகவே வருஷா வருஷம் பெரிய மனுசி ஆகலாம் போல" என்றாய். பதினாறாம் நாள் உன் மாமா மேளத்தோடு சீர்த்தட்டுக்களைத் தூக்கிக்கொண்டு தெரு முழுக்க நடந்து வந்தார். அன்று சாயங்காலம் நோட்டில் தேதி போட்டு, "பெரியவளானாள்" என்று எழுதினேன்.

ஒரு பொய் சொன்னால் அதோடு முடியும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. கோயில் காலண்டரில் இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை புள்ளி வைத்தேன். புள்ளி வந்தால் பழந்துணியைக் கிழித்து, நனைத்து, பக்கத்து வீட்டுக்காரி கண்ணில் படும்படி கொல்லைக் கொடியில் காயப்போட்டேன். ஒரு தடவை மறந்துவிட்டேன். "என்னத்தா, இந்த மாசம் பிள்ளைக்குத் தள்ளிப் போச்சா?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டதும் உள்ளே ஓடித் துணியை நனைத்தேன். சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவும் துணிவில்லை. சொல்லாமல் பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் மனம் இடம் தரவில்லை. ஞாயிறுதோறும் பூசையில் எல்லாரும் எழுந்து போகும்போது நான் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன். "ஏன்?" என்று உன் அப்பா கேட்டால், "காப்பி குடிச்சுட்டேன்" என்பேன். நன்மை வாங்குகிறவர்கள் வெறும் வயிற்றோடு வர வேண்டும். இரண்டு வருஷம் காப்பி குடித்தேன்.

உனக்குப் பதினெட்டு முடிந்ததும் உன் மாமா தன் மகனுக்கு உன்னைக் கேட்டார். முறை, தட்ட முடியாது. உறவுக்குள் கட்டுவதற்கான அனுமதி வாங்கியாயிற்று. முதல் ஞாயிறு சுவாமியார் ஓலை வாசித்தார். கோயிலுக்குப் புதிதானவர்களுக்குச் சொல்கிறேன்: கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பேரை வாசித்து, இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று அறிவிப்பார்கள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ பேர் ஓலையைக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பார்த்துச் சொல்லும் சொல் என்று பட்டது. உன்னைத் தவிர, தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை உன் காது வலி ஆரம்பித்தது. காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, ஊருக்கு வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போனோம். காதைப் பார்த்த டாக்டரம்மா காதோடு நிற்கவில்லை. உன் கழுத்தைப் பார்த்தார், முடியை ஒதுக்கிப் பார்த்தார், கையை நீட்டச் சொல்லி முழங்கை வளைவைப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். "பிறந்தப்ப கால் வீங்கியிருந்துச்சாம்மா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதினெட்டு வருஷத்துக்கு முந்தினது இவருக்கு எப்படித் தெரியும்? "ஆமா" என்றேன். அப்புறம் கேட்டார்: "பொண்ணு வயசுக்கு வந்துட்டாளா?"

இரண்டு வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிற்று: "ரெண்டு வருஷமாச்சு. மாசாமாசம் சரியா வருதுங்கம்மா." அவர் பேனா நின்றது. "அப்படியா? அப்ப நான் நினைச்சது இல்லை" என்று சொல்லி, காதுக்கு மருந்து எழுதிக் கொடுத்தார்.

வெளியே வராந்தாப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். பஸ் வர நேரமிருந்தது. நீ காதைப் பொத்திக்கொண்டே சொன்னாய்: "அம்மா, அவுக தப்பா எழுதிட்டாக."

"நாஞ் சொன்னதைத்தானேத்தா எழுதுனாக."

"அதைத்தான் சொல்றேன்."

நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். நீதான் பேசினாய். "எனக்கு என்னன்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கும்மா. மொகத்துலயே தெரிஞ்சுச்சு. எனக்கும் தெரிஞ்சுக்கணும்மா." கொஞ்சம் கழித்து, "மாமா மகன் நல்லவன்தான். அவன்ட்டச் சொல்லிட்டு, அவன் சரின்னு கட்டுனா அது வேற. சொல்லாமக் கட்டுனா, வாழ்நாள் பூரா எங்கிட்ட எதையோ எதிர்பாத்துக்கிட்டே கெடப்பான். நான் அந்தக் குச்சுக்குள்ளயே கெடப்பேன்" என்றாய்.

தூரத்தில் பஸ் புழுதி தெரிந்தது. நான் எழுந்து உள்ளே போனேன். கதவுக்குப் பக்கத்தில் நின்று, "அம்மா, அது பொய்ங்கம்மா. எம் மக இன்னும் வயசுக்கு வரலை" என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. உன் சீட்டு இன்னும் அவர் மேஜைமேலேயே இருந்தது. "உக்காருங்கம்மா. நீங்க திரும்பி வருவீங்களோன்னுதான் இதை எடுத்து வைக்காம வச்சிருந்தேன்" என்றார். ஏன் அப்படித் தோன்றியது என்று கேட்டேன். "நான் அதைக் கேட்டப்ப உங்க பொண்ணு உங்களைப் பாத்தா" என்றார்.

அன்றே உன் கன்னத்தின் உட்புறத்தைச் சிறு குச்சியால் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவி, பெரிய ஊருக்கு அனுப்பிவைத்தார். விவரம் வர மூன்று வாரமாகும். ஓலையோ அடுத்த ஞாயிறு. புதன்கிழமை நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, பாவாடை உயரங்களை வரிசையாகத் தன் தாளில் எழுதிக்கொண்டார். "இப்படி ஒரு கணக்கு எந்த அம்மாவும் கொண்டாந்ததில்லை" என்றார். "பெரியவளானாள்" என்ற பக்கம் வந்தபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் தாண்டித் திருப்பினார்.

அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் சொன்னேன். வேட்டி நுனியை முறுக்கிக்கொண்டே, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல. ரெண்டு பேருமாச் சேந்து துணி நனைச்சுப் போட்டிருப்போம்" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சனிக்கிழமை நான் தனியாகக் கன்னிவாடிக்குப் போனேன். உன் மாமா வெங்காயம் காய வைத்துக்கொண்டிருந்தார். மதினி என்னைக் கண்டதும், "என்னத்தா, ரெண்டாவது ஓலை நாளைக்குத்தானே, இன்னைக்கே சம்பந்தியம்மா வந்துட்டாக!" என்றாள்.

"நாளைக்கு ஓலை வேணாம்ணே" என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் குச்சு கட்டுனது?" என்றார் உன் மாமா.

"பொய்ண்ணே."

"தெரு முழுக்கத் தட்டுத் தூக்கிட்டு வந்தேனே?"

"அதுவும்ணே."

மதினி முறத்தைக் கீழே போட்டாள். "நல்லாருக்குடி ஒன் நாயம்! எம் மகன் குடும்பம் தழைக்காமப் போயிருந்தா யாருகிட்டப் போயி நிப்பேன்?" அவள் கேட்டதில் தப்பில்லை. நான் வாங்கிக்கொண்டேன். உன் மாமா வெங்காயத்தைப் புரட்டிப் போட்டார். எப்போது போனாலும் பஸ் ஏற்றிவிட வருகிறவர், அன்று வரவில்லை. ஆனால் மறுநாள் பூசைக்கு முன்பே திண்டுக்கல் வந்து, சுவாமியாரிடம் தானே பேசிவிட்டிருந்தார். ஓலை வாசிக்கிற நேரம் வந்தது. உன் பேர் வரவில்லை. ஆண்கள் பக்கத்தில் உன் மாமா முதுகு மட்டும் தெரிந்தது. அன்று பூசைக்கு முன்பு நான் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். நன்மைக்கு எல்லாரும் எழுந்தபோது நானும் எழுந்தேன். உன் அப்பா என் காதருகில், "இன்னைக்குக் காப்பி குடிக்கலையா?" என்றார்.

மூன்று வாரம் கழித்து விவரம் வந்தது. டாக்டரம்மா நம் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் குரோமோசோம் என்று நூல் போன்ற சங்கதிகள் ஜோடி ஜோடியாக இருக்கின்றன. பெண்ணுக்கு உரிய ஜோடியில் உனக்கு ஒன்று மட்டுமே இருக்கிறது. மற்றது வந்து சேரவில்லை. இதை டர்னர் குறை என்கிறார்கள். சிலருக்கு எல்லா அடையாளமும் இருக்கும், சிலருக்கு உயரக் குறைவு தவிர ஒன்றும் வெளியே தெரியாது. "நான் கர்ப்பமா இருக்கப்ப கிரகணத்துல வெளிய போனேன்" என்றேன். "அதனாலே இல்லைம்மா. உங்க தப்பும் இல்லை, அவங்க அப்பா தப்பும் இல்லை, யாரு பாவமும் இல்லை. கரு உருவாகும்போதே தானா நடக்குறது" என்றார். நீ கேட்டாய்: "அப்ப நான் பொம்பளை இல்லையா?" அவர் நாற்காலியை உன் பக்கம் நகர்த்தி, "நீ முழுசாப் பொம்பளைதான். இதுல சந்தேகமே வேண்டாம். பிள்ளை பெறுறது பெரும்பாலும் நடக்காது. அதைத் தெரிஞ்சு, உன்னைப் புரிஞ்சு ஒருத்தன் வந்தா நீ கலியாணமும் பண்ணிக்கலாம். படிக்கலாம், வேலைக்குப் போகலாம்" என்றார். உயரத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். சின்ன வயதிலேயே வந்திருந்தால் காதையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றார். அது என் பங்கு. உன் இடது காது மந்தமானதற்கு நான் ஊற்றிய பூண்டெண்ணெய் வருஷங்கள்தான் காரணம் என்று எழுதிவைக்கிறேன்.

மாதவிலக்கு வர டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை ஆரம்பித்தாய். எத்தனையோ மாதம் கழித்து ஒரு காலையில் அடுப்படி வாசலில் வந்து நின்றாய். "அம்மா, இப்ப நெசமாவே" என்றாய். நான் கரண்டியோடு அழ ஆரம்பித்தேன். "அழாத. களி கிண்டு. குச்சு மட்டும் வேணாம்" என்றாய். நாம் மூன்று பேரும் அன்று உட்கார்ந்து களி சாப்பிட்டோம். யாருக்கும் சொல்லியனுப்பவில்லை. நோட்டில் அந்தப் பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதுத் தேதியை எழுதினேன்.

நேற்று உன் மாமா வந்ததைப் பார்த்தாய். அவர் மகன் வேறு பெண்ணைக் கட்டினான், குழந்தையும் பிறந்தது; அதன் முதல் சட்டையை நீதான் தைத்துக் கொடுத்தாய். என்றாலும் அவர் நம் வீட்டு வாசல் மிதித்து மூன்று வருஷமாயிற்று. தலையில் ஒரு டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தார். "அன்னைக்குச் செஞ்ச சீரு பொய்க்குப் போச்சு. இது நெசத்துக்கு" என்று இறக்கி வைத்தார். நீ, "பூட்டு எங்க மாமா? திண்டுக்கல்லுக்குப் பூட்டு இல்லாத பெட்டியா?" என்றாய். "இனிமே பூட்டி வைக்க என்னத்தா இருக்கு?" என்று சிரித்தார். அவர் சிரித்ததைக் கேட்டதும் என் தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தது போல இருந்தது. மதினி வரவில்லை. ஆனால் பெட்டிக்குள் ஒரு பை வெங்காயம் இருந்தது.

மாத்திரையை நாள் தப்பாமல் சாப்பிடு. வருஷத்துக்கு ஒருமுறை நெஞ்சையும் ரத்தக் கொதிப்பையும் பார்த்துக்கொள்ளச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அதைப் பள்ளிக்கூட லீவில் வைத்துக்கொள். காதில் ஈரம் பட்டால் அலட்சியம் செய்யாதே. கரும்பலகையின் மேல்பகுதி எட்டாவிட்டால் நாற்காலி போட்டு ஏறிக்கொள், அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்தால் நீயும் சிரித்துவிடு. வழி தெரியாவிட்டால் வெட்கப்படாமல் கேள்.

கடைசியாக ஒன்று. ஏதாவது ஒரு வருஷம் உன் வகுப்பில் முன் வரிசையில் ஒரு பெண் இருப்பாள், மற்றப் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே போக, அவள் மட்டும் அங்கேயே. அவளுடைய அம்மாவை வரச் சொல். பிறந்தபோது பாதம் வீங்கியிருந்ததா, காதில் சீழ் வருமா என்று கேள். டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல். அந்தத் தாய் உன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லுவாள். கோபப்படாதே. அவள் வெளியே போனதும் கதவைச் சாத்திவிடாதே. செத்த நேரம் உட்கார்ந்திரு, மகளே. அவள் திரும்பி வருவாள்.

உன் அம்மா